கையடக்கப் பாட்டுக் கருவி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் கையில் கொண்டு திரியும் பாட்டுக் கருவிகளைப் பற்றியவை. எம்.பி.3 பிளேயர், வோக்மன், மெமரி காட் போடும் சின்ன றேடியோ என்று பலவிதம். பல கடிதங்கள் ஒரே வரியில் முடிகின்றன: "கடையில் காட்டினோம், புதிசு வாங்கச் சொல்கிறார்கள்." வாங்குவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம் என்று இருக்கும் எங்கள் ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டுத் தொடுமுனைகள் கறுப்பதுதான் அதிகம். உள்ளே இருக்கும் சிப் சாவது குறைவு. கீழே சொல்லும் வேலைகளுக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர், சின்ன நட்சத்திரத் திருப்புளி, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், பஞ்சுக் குச்சி, 30 அல்லது 40 வாட் சோல்டரிங் அயன், 0.8 மில்லிமீற்றர் ஈயக் கம்பி, ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் பிளக்ஸ் கொஞ்சம் இருந்தால் போதும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். துடைத்த இடம் காய்ந்த பிறகும் பிசுபிசுத்தால் அதை மின்பலகைக்குப் பாவிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன எம்.பி.3 பிளேயர் ஒரு வருடமாக லாச்சிக்குள் கிடந்தது. இப்போது போனின் சார்ஜரில் போட்டால் வெளிச்சமே வரவில்லை. டைப்-சி வயர்தான். பற்றரி செத்துவிட்டதா?
வாசகி, கல்லடி

பதில்: பற்றரியில் பழி போடுவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள வயரில், மறுமுனையில் இருக்கும் கருவி 5.1 கிலோ ஓம் மின்தடை மூலம் தன்னை அறிவித்தால்தான் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மலிவான பிளேயர்கள் பலவற்றில் அந்தச் சின்ன மின்தடையை வைக்காமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் சார்ஜர் நல்லது, வயர் நல்லது, பிளேயரும் நல்லது, ஆனால் கரண்ட் மட்டும் போகாது. ஒரு முனை தட்டையான பழைய யூ.எஸ்.பி. உள்ள வயரைச் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் செருகுங்கள். இதிலேயே பல "செத்த" பிளேயர்கள் எழும்பிவிடும்.

எழும்பாவிட்டாலும் உடனே கழற்றாதீர்கள். ஒரு மணி நேரம் சார்ஜில் அப்படியே விடுங்கள். பற்றரிச் செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 2.9 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் செய்யும் சிப் வழமையான மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். திரை வருவதற்கு அதனால் நேரம் எடுக்கும். அதன் பிறகு உடலில் ஊசித் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது ரீசெற் பொத்தான். கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி ஐந்து விநாடி அமுக்குங்கள். பக்கத்தில் உள்ள ஹோல்ட் சுவிட்ச் பூட்டிய நிலையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் திறந்து செல்லை அளக்க வேண்டும். வெள்ளிப் பை மாதிரி இருக்கும் லித்தியம் செல்லில் 3.0 முதல் 4.2 வோல்ட் வரை இருந்தால் பழுது வேறிடத்தில். 2.5க்கும் 3.0க்கும் இடையில் என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு மெதுவாக ஏற்றலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்காகக் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைந்திருக்கும்; திரும்ப ஏற்றும்போது அந்தச் செப்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோட் ஆகும், தீயும் பிடிக்கலாம். மீற்றர் பூச்சியம் காட்டினால் மட்டும் அவசரப்படாதீர்கள். செல்லின் தலையில் மஞ்சள் ஒட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகை இருக்கும். அது துண்டித்திருந்தால் வயரில் பூச்சியம் வரும், பலகைக்குப் பின்னால் உள்ள தகட்டு நுனியில் உண்மையான அளவு தெரியும்.

புதுச் செல் வாங்கும்போது பழையதில் அச்சிட்ட இலக்கத்தைக் கொண்டுபோங்கள். 402030 என்றால் தடிப்பு 4.0, அகலம் 20, நீளம் 30 மில்லிமீற்றர். அந்த அளவில் ஏறக்குறைய 200 மில்லி அம்பியர்-மணி கிடைக்கும். இடம் இருந்தால் கொஞ்சம் பெரியது போடலாம், ஆனால் இறுக்கித் திணிக்கக் கூடாது. செல் சூடாகும்போது சற்று விரியும். பழைய வயரை வெட்டும்போது ஒன்றை வெட்டி அதன் நுனியை டேப்பால் மூடிய பிறகுதான் மற்றதை வெட்டுங்கள். இரண்டையும் ஒரே கத்தரியில் வெட்டினால் கத்தரியே ஷோட் ஆகும். சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்பாமல் மீற்றரால் நேர், எதிர் பார்த்தே பற்றவையுங்கள்.

சில கடைகளில் பழைய சார்ஜிங் பகுதிக்குப் பதிலாக டி.பி.4056 சிப் உள்ள நீலப் பலகையைப் பொருத்திவிடுவார்கள். அது வரும்போது 1.2 கிலோ ஓம் மின்தடையோடு 1 அம்பியர் கொடுக்கும்படி இருக்கும். 200 மில்லி அம்பியர்-மணிச் செல்லுக்கு அது ஐந்து மடங்கு வேகம், செல் ஊதிவிடும். அந்த மின்தடையை 10 கிலோ ஓமாக மாற்றினால் 130 மில்லி அம்பியருக்கு இறங்கும். இதைக் கேட்டுச் செய்வியுங்கள். ஏற்கெனவே ஊதிய செல் என்றால் குத்தவும் வேண்டாம், நசுக்கவும் வேண்டாம்; மணல் போட்ட தகரப் பேணிக்குள் வைத்து, இலத்திரனியல் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை எரிக்கும் இடத்தில் போட்டால் வெடிக்கும்.

மகன் வரும்வரை திரும்பவும் எடுத்து வைக்கப்போகிறீர்கள் என்றால் நிறைய ஏற்றி வைக்க வேண்டாம், பாதியளவு போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள். நிறுத்திவைத்தாலும் உள்ளே இருக்கும் மணிக்கூடும் சிப்பும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: என் பிளேயரில் இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கிறது. வயரைப் பிடித்தால் சில நேரம் சரியாகிறது. பாட்டுகளை மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டேன்.
வாசகர், செங்கலடி

பதில்: பாட்டில் பிழை இல்லை, இனி அழிக்க வேண்டாம். எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. 3.5 மில்லிமீற்றர் பிளக்கில் நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். எர்த் அறுந்தால் இரண்டு காதுச் சுருளும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். பாடகரின் குரலை ஒலிப்பதிவில் இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். சமமானது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வயலினும் எதிரொலியும் மிஞ்சும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் நுனி அல்லது நடு வளையத்தின் வழி அறுந்தது என்று பொருள்.

இனிப் பழுது இயர்போனிலா, பிளேயரிலா என்று பிரிக்க வேண்டும். வேறொரு நல்ல இயர்போனைச் செருகுங்கள். குரல் வந்தால் பழையது பழுது. அதை மீற்றரில் 200 ஓம் நிலையில் வைத்து நுனிக்கும் அடிக்கும் இடையில் அளந்தால் 16 அல்லது 32 ஓம் அளவில் காட்டும், காதில் "டிக்" என்றும் கேட்கும். வலதும் அவ்வளவே. முடிவிலி காட்டினால் வயரை வளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிளக்கிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள்தான் முறிந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்து புதுப் பிளக் போடுங்கள். உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் வெறும் செப்பு மாதிரி இருந்தாலும் மேலே வார்னிஷ் பூச்சு உண்டு. அதை எரிக்காமல் ஈயம் ஒட்டாது. அயனை 370 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பியின் நுனியை அதற்குள் இரண்டு மூன்று விநாடி தோய்த்தால் பூச்சு புகைந்து போய் வெள்ளி நிறம் ஏறும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செப்பு நிறம் எர்த் என்பது பொது வழக்கம். ஆனாலும் பற்றவைக்கும் முன் அளந்து பார்ப்பதே நல்லது.

புது இயர்போனிலும் குரல் வராவிட்டால் பழுது பிளேயரின் ஜக்கில், அதாவது பிளக் செருகும் துளையில். முதலில் சுத்தம். பிளேயரை நிறுத்தி, மெல்லிய பஞ்சுக் குச்சியில் அல்ககோல் தொட்டு உள்ளே சுழற்றுங்கள். பையில் கிடந்த பிளேயர் என்றால் அடியில் பஞ்சு அடைந்திருக்கும், பிளக் முழுதாக உள்ளே போகாது. அதை மரக் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். அதற்கும் சரிவராவிட்டால் திறந்து, பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஜக்கின் கால்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் வெடிப்பு. பிளக்கைப் பக்கவாட்டில் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்கள்தான் சுமை தாங்குகின்றன. பிளக்ஸ் தடவி, 330 பாகை அளவில் இரண்டு மூன்று விநாடி தொட்டு, புது ஈயம் கொஞ்சம் கொடுத்தால் போதும். அதிக நேரம் பிடித்தால் பலகையில் ஒட்டிய செப்பே பெயர்ந்து வந்துவிடும்.

இன்னொன்று. மைக் உள்ள இயர்போனைப் போட்டு, அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் மட்டும் குரல் வந்தால் எதுவும் பழுதில்லை. பிளக்கில் எர்த்தும் மைக்கும் இடம் மாறிய வகை அது. மைக் இல்லாத, பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் மட்டும் உள்ள இயர்போனை வாங்குங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்காகச் சின்ன ஸ்பீக்கர் பிளேயர் ஒன்று வாங்கி, 64 ஜீபி மெமரி காட்டில் குர்ஆன் 114 சூராவும் போட்டுக் கொடுத்தேன். அதில் காட்டே எடுபடவில்லை. வேறொரு சின்னக் காட்டில் எடுபட்டது, ஆனால் முதல் சூராவுக்குப் பிறகு பத்தாவதும் நூறாவதும் ஓதுகிறது. வாப்பா கோபப்படுகிறார்.
வாசகர், சம்மாந்துறை

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். இரண்டும் வெவ்வேறு காரணம். 32 ஜீபிக்கு மேற்பட்ட காட்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபாட் என்ற முறையில் வரும். மலிவுப் பிளேயர்களின் சிப்புக்கு ஃபாட்32 மட்டும்தான் வாசிக்கத் தெரியும். 32 ஜீபி அல்லது அதற்குக் குறைந்த காட்டைப் போட்டு ஃபாட்32 முறையில் ஃபோமற் செய்யுங்கள். இடம் போதாதோ என்று நினைக்க வேண்டாம்: 128 கிலோபிட்டில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும், எனவே 32 ஜீபியில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். மிகப் பழைய பிளேயர் சிலவற்றுக்கு 2 ஜீபிக்கு மேல் எடுபடாது.

வரிசை குழம்புவதற்குக் காரணம் பெயர் வைத்த விதம். கருவி இலக்கத்தின் பெறுமதியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கும். அதன் கணக்கில் 1க்குப் பிறகு 10, 100, 101. 2 வருவது வெகு பின்னால். 001, 002 என்று தொடங்கி 114 வரை மூன்று இலக்கமாகப் பெயர் மாற்றுங்கள்.

அதன் பிறகும் குழம்பினால் உங்கள் பிளேயர் பெயரையே பார்க்காத வகை. காட்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் அது முதலில் ஓதும். காட்டைத் திரும்ப ஃபோமற் செய்து, கணினியில் பெயர் வரிசைப்படி அடுக்கி, எல்லாவற்றையும் தெரிவுசெய்து, 001 என்ற கோப்பின்மேல் மவுஸை வைத்து இழுத்துப் போடுங்கள். விண்டோஸில் நீங்கள் பிடித்து இழுக்கும் கோப்புத்தான் முதலில் போகும்; நடுவில் உள்ளதைப் பிடித்தால் அதிலிருந்து தொடங்கிவிடும். பிறகு இடையில் ஒன்றை அழித்து வேறொன்று போடாதீர்கள். அழித்த இடத்தில் புதியது போய் உட்கார்ந்து வரிசை மறுபடி குலையும்.

எடுபடாத கோப்பு ஏதாவது இருந்தால் அது உண்மையில் எம்.பி.3 தானா என்று பாருங்கள். போனில் வந்த எம்.4.ஏ. அல்லது ஓபஸ் கோப்பின் பெயர் நுனியை மட்டும் எம்.பி.3 என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. மாற்றும் மென்பொருளால்தான் மாற்ற வேண்டும். ஓதலுக்கும் பயான் என்ற மார்க்க உரைக்கும் ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் தாராளம்.

கேள்வி: பாட்டின் பெயர் தமிழில் போட்டால் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து அர்த்தமில்லாமல் வருகிறது.
மாணவி, அக்கரைப்பற்று

பதில்: கட்டம் வந்தால் பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அதை வெளியிலிருந்து ஏற்ற வழியில்லாத வகைகள்தான் அதிகம். ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்துக் குழப்பம் வருவது வேறு கதை: யாரோ பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர் அது. யூனிகோடாக மாற்றினால் கணினியிலும் போனிலும் சரியாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் அப்பப்பா அண்ணாவியாராக இருந்து ஆடிய வடமோடிக் கூத்து ஒன்று இரண்டு கசெற்றில் இருக்கிறது. ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சணம். பழைய வோக்மனில் மற்றதைப் போட்டால் பாட்டு இழுபட்டு, கடைசியில் நாடாவையும் சுற்றிக்கொண்டது. இனி என்ன செய்யலாம்?
வாசகர், கன்னன்குடா

பதில்: முதலில் இரண்டு கசெற்றையும் எந்தக் கருவியிலும் போடாமல் நிறுத்துங்கள். அந்த ஒலி வேறெங்கும் இல்லை, வோக்மன் வேறொன்று கிடைக்கும். எனவே நாடாவைக் காப்பது முதல் வேலை.

பூஞ்சணம் பிடித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு கிழமை வையுங்கள். காய்ந்த பூஞ்சணம்தான் தட்டினால் உதிரும், ஈரமானது அப்பிக்கொள்ளும். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துக் கசெற்றைத் திறவுங்கள். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் இலகு. ஒட்டிய கூடு என்றால் பொருத்தில் மெல்லிய கத்தியால் சுற்றிவரப் பிளக்க வேண்டும். இதற்கு முன், மதிப்பில்லாத பழைய கசெற் ஒன்றைத் திருகாணி வகையில் தேடி வையுங்கள். அதன் கூட்டுக்குள்தான் உங்கள் சுருளை மாற்றப்போகிறீர்கள். சுருளின் ஓரத்தில் உள்ள வெள்ளையை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். நாடாவில் ஒலி பதிந்த பரப்பில் அல்ககோல் பூச வேண்டாம். கூட்டை மாற்றிய பிறகு, மலிவான ஒரு கருவியில் மெதுவாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி விடுங்கள். அந்தக் கருவியில் நாடாவை வாசிக்கும் முனையான ஹெட்டை உடனே துடையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் அடுத்த கசெற்றுக்கும் போகும்.

கூட்டின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டில் அணைத்துப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கியும் ஏறியிறங்கியும் வரும். வேறு கசெற்றிலிருந்து தகட்டோடு எடுத்துப் போடுங்கள். நாடா அறுந்திருந்தால் இரண்டு நுனியையும் 45 பாகைச் சரிவில் வெட்டி, இடைவெளியின்றிச் சேர்த்து, சுருளின் மையத்தைப் பார்க்கும் பக்கத்தில் நாடா ஒட்டுவதற்கென்றே வரும் ஒட்டுத்தாளால் ஒட்டுங்கள். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், ஒட்டுத்தாள் அதற்கு வெளியே துருத்தக் கூடாது. சாதாரண செலோ டேப் வேண்டவே வேண்டாம். வெக்கையில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும்.

இனி வோக்மன். பாட்டு இழுபடுவதும் நாடாவைச் சுற்றிக்கொள்வதும் பெரும்பாலும் ஒரே காரணம்: றப்பர் பெல்ட். நீண்டு தளர்ந்தால் சுற்று குறையும். நாடாவை வாங்கிச் சுற்ற வேண்டிய வலது சில்லு நின்றுபோனால், உருளை தள்ளிவிடும் நாடா போக இடமில்லாமல் அந்த உருளையிலேயே சுற்றும். பின்மூடியைத் திறந்து பாருங்கள். பெல்ட் தார் மாதிரி உருகியிருந்தால் கையுறை போட்டு அல்ககோலால் முழுவதும் துடைத்தெடுங்கள். ஒரு பொட்டு மிஞ்சினாலும் புதுப் பெல்ட் வழுக்கும். முழுதாக இருந்தால் அதைத் தட்டையாக மடித்து நீளத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் சுற்றளவு. பழையது நீண்டிருப்பதால் புதியது ஏறக்குறைய 5 வீதம் குறைவாக இருக்க வேண்டும். தடிப்பு அதே அளவு. இறுக்கமாகப் போட்டால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். மோட்டாரின் அச்சு தேய்ந்து ஒலி அலையடிக்கும்.

ஹெட், உருக்குத் தண்டு, கறுப்பு றப்பர் உருளை மூன்றையும் பஞ்சில் பழுப்பு நிறம் வராமல் போகும் வரை துடையுங்கள். பத்து நிமிடம் காயவிட்ட பிறகே கசெற் போடலாம். சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கொன்டக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு முப்பது தடவை முழுதாகத் திருப்புங்கள்.

நாடா ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். சோதனை நாடா இல்லாமலே பார்க்கலாம்: நீளம் தெரிந்த சினிமாப் பாட்டு உள்ள கடைக் கசெற் ஒன்றை ஓடவிட்டு நேரம் பிடியுங்கள். 240 விநாடிப் பாட்டு 250 விநாடி ஓடினால் நான்கு வீதம் மெதுவாக ஓடுகிறது. மோட்டாரின் பின்பக்கத் துவாரத்திலோ பலகையிலோ உள்ள சின்னத் திருகைக் கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி நேரம் பிடியுங்கள்.

ஹெட்டின் பக்கத்தில் சுருள் கம்பியோடு இருக்கும் திருகாணி அதன் சரிவை மாற்றுவது. பதிவு செய்த கருவியின் சரிவும் உங்கள் வோக்மனின் சரிவும் ஒத்துவராவிட்டால் ஒலி கம்பளி போர்த்தியது போல் இருக்கும். கூத்து நாடாவில் இதைப் பார்க்கச் சல்லரி என்ற கைத்தாளத்தின் ஒலியே போதும். கசெற் ஓடிக்கொண்டிருக்கும்போது திருகை மிக மெதுவாகத் திருப்பி, சல்லரி எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே விடுங்கள். பழைய இடத்தை முன்பே மையால் குறித்து வையுங்கள்.

பதிவுக்கு வோக்மனின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு வயர் போடுங்கள். மடிக்கணினியில் மைக் துளை மட்டும் இருந்தால், லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்று வாங்குவது நல்லது. மைக் துளை கூருணர்வு கூடியது, ஒலி சிதறும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் கூடுதல், 90 நிமிடக் கசெற்றுக்கு ஏறக்குறைய 950 மெகாபைட். ஒலி அளவைப் பாட்டுக்கு வைக்காமல் மத்தளத்துக்கு வையுங்கள். கூத்தர் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் உச்சத்துக்கு வரும் இடத்தை ஒருமுறை ஓடவிட்டு, ஒலி அளவு காட்டும் கோடு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி சரிசெய்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போங்கள். மத்தளம் வெடித்துப் பதிந்தால் பின்னர் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம். வேவ் கோப்பை இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். ஊராருக்குப் பகிர எம்.பி.3 ஒன்று தனியாக எடுங்கள். கசெற்றையும் எறிய வேண்டாம்.

கேள்வி: தோணியில் போகும்போது பிளேயர் வாவிக்குள் விழுந்து உடனே எடுத்துவிட்டேன். அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளில் எடுக்கலாம்?
வாசகர், குருக்கள்மடம்

பதில்: இப்போதே எடுங்கள். வாவித் தண்ணீரில் உப்பு உண்டு. தண்ணீர் காய்ந்தாலும் உப்புப் பலகையிலேயே தங்கும், அரிசி அதை இழுக்காது. அரிசி மாவும் துளைகளுக்குள் போகும். பற்றரி இணைந்திருக்கும் வரை அந்த உப்புத் தண்ணீரில் மின்னோட்டம் போய், சில மணி நேரத்திலேயே செப்பைத் தின்னும். பச்சை நிறம் படர்வது அதனால்தான். வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அமுக்கவே கூடாது.

திறந்து முதலில் பற்றரி வயரை விடுவியுங்கள். பலகையைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவுங்கள். கார் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர்தான், போத்தலில் அசிட் என்று இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். மென்மையான பழைய பல் பிரஷ்ஷால் ஜக், சார்ஜ் துளை, மெமரி காட் வாசல் மூன்றையும் தேய்த்து, பிறகு அல்ககோலில் ஒருமுறை அலசுங்கள். திரையையும் ஸ்பீக்கரையும் நனைக்க வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் திரை போகும். செல் ஊதியிருந்தாலோ தகட்டு நுனி துருப்பிடித்திருந்தாலோ புதுசு போடுங்கள். மெமரி காட்டை மட்டும் கழுவிக் காயவைத்தால் அனேகமாகப் பாட்டுகள் அப்படியே இருக்கும்.

கேள்வி: கண்ணகி அம்மன் சடங்குக்குப் பிளேயரை அம்பிளிபயரில் கொடுத்தால் சார்ஜில் போட்டதும் "ம்ம்ம்" என்று இரைகிறது. சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது. ஒரு பக்க ஒலியும் குறைவு.
வாசகர், காரைதீவு

பதில்: சார்ஜர் ஒரு வழியாகவும் அம்பிளிபயர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொடுவதால் வளையம் உண்டாகி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஒலிக்குள் நுழைகிறது. பற்றரியில் ஓடவிடுவது எளிய வழி. இரவு முழுக்க ஓட வேண்டும் என்றால் 600க்கு 600 ஓம் தனிப்படுத்தும் டிரான்ஸ்போமர் ஒன்றை ஒலி வயரின் நடுவில் போடுங்கள். அம்பிளிபயரின் எர்த் வயரை வெட்டுவது பாதுகாப்பானதல்ல. மைக் பிடிப்பவர் மீது கரண்ட் பாயலாம்.

ஒலி குறைவதற்குக் காரணம், இடதையும் வலதையும் நேரடியாக முறுக்கி ஒரே பிளக்கில் பற்றவைத்ததாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஓட்டப் பார்க்கும், சிப் சூடாகும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் மின்தடை தொடராகப் போட்டு, அதன் பிறகு சேருங்கள். பிளேயரின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, மிச்சத்தை அம்பிளிபயரில் கூட்டுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த ஐபொட் கிளாசிக் உறைந்துபோய் நிற்கிறது. உள்ளே டிக், டிக் என்கிறது.
மாணவர், களுவாஞ்சிகுடி

பதில்: மேலே உள்ள ஹோல்ட் சுவிட்சை ஒருமுறை பூட்டித் திறந்து, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து எட்டு விநாடி அமுக்குங்கள். அப்பிள் சின்னம் வந்து மறுபடி டிக் என்றால், உள்ளே இருக்கும் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் வாசிக்கும் முனை இடம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அடிக்கிறது. அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடித்தால் டிஸ்க் நிலைக்குப் போகும்; கணினி பிடித்துக்கொண்டால் பாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு, மெமரி காட் பொருத்தும் அடப்டர் பலகையை டிஸ்க்குக்குப் பதிலாகப் போடலாம். டிஸ்க்கை இணைக்கும் தட்டையான நாடா வயரின் பூட்டை நகத்தால் நிமிர்த்திய பிறகே இழுக்க வேண்டும்.

கேள்வி: பிளேயரில் எப்.எம். தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து வீட்டு றேடியோவில் தெளிவாக எடுக்கிறது.
வாசகி, வாழைச்சேனை

பதில்: இயர்போனைச் செருகிவிட்டுத் தேடுங்கள். அந்த வயர்தான் அன்ரனா. 100 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும், புளூடூத் இயர்போனில் அது இல்லை. வயர் போட்டும் வராவிட்டால் அமைப்பில் பிரதேசத்தைப் பாருங்கள். ஜப்பான் என்று இருந்தால் 76 முதல் 90 வரைதான் தேடும். எங்களுக்கு வேண்டியது 87.5 முதல் 108 வரை.

கேள்வி: ஸ்பீக்கர் பிளேயருக்கு 9900 மில்லி அம்பியர்-மணி என்று எழுதிய உருளைப் பற்றரி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
வாசகர், ஏறாவூர்

பதில்: வேண்டாம். 18650 என்ற அந்த அளவில் நல்ல செல் 2000 முதல் 3500 வரைதான் தரும். 9900 என்று அச்சிட்டது பொய்; கையில் எடுத்தால் பாரமும் குறைவாக இருக்கும். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும்.

கேள்வி: ட்ரிபிள்-ஏ பற்றரி போடும் பிளேயரில் பற்றரி கசிந்து, கம்பிச் சுருளில் வெள்ளையும் பச்சையுமாகப் பிடித்திருக்கிறது.
வாசகர், பொத்துவில்

பதில்: பற்றரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அல்கலைன் என்றால் கசிந்தது காரம். பஞ்சுக் குச்சியில் தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி தொட்டுத் தடவினால் நுரைத்துக் கரையும். சாதாரண காபன் பற்றரி என்றால் கசிவு அமிலத் தன்மையானது, அதற்கு அப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். எதுவானாலும் பின்னர் வெறும் தண்ணீர் தொட்ட பஞ்சாலும், கடைசியில் அல்ககோலாலும் துடையுங்கள். சுருளில் கறுப்பு மிஞ்சினால் நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். மேல்பூச்சு போன சுருள் எங்கள் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதில் வாசலின் மெல்லிதாகப் பூசுங்கள். பிளேயரை ஒரு மாதம் தொடாமல் வைப்பதாக இருந்தால் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.